பூண்டுலோயாவிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலை வரை: ஈறுநோயின் மூலக்கூற்று ஆய்வும் மலையகத் தமிழ்த் தொழிலாளரும்

ஆய்வுச் சுருக்கம்

ஈறுநோயை மூலக்கூற்று நிலையில் கண்டறிந்து கட்டுப்படுத்த இன்று கையாளப்படும் முறைகள் ஒரு பழைய வினாவிலிருந்து கிளைத்தவை. ஒரே அளவு அழுக்குப் படலம் படிந்த வாய்களில், சிலருக்கு நாற்பது வயதிற்குள் பற்கள் உதிர்ந்துவிடுவதும் சிலருக்கு எதுவும் நேராதிருப்பதும் எதனால் என்பதே அவ்வினா. அதனை எவரும் புறக்கணிக்க இயலாதவாறு எண்களால் நிறுவியது, 1970 முதல் 1985 வரை இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரிடம் நிகழ்த்தப்பட்ட நெடுங்கால ஆய்வாகும். அவ்வாய்வு நிகழ்ந்த ஆண்டுகளின் அரசியற் சூழலையும், அதிலிருந்து பாக்டீரிய மரபணு ஆய்வு, நொதி ஆய்வு, மனித மரபணு ஆய்வு எனப் பிரிந்த வழிகளையும், அவ்வழிகளுள் ஒன்றில் சென்னைக்கு உள்ள பங்கையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஈறுநோய், பற்படலம், மலையகத் தமிழர், கொலாஜன், நொதி, மரபணு, திருமழிசை.

முன்னுரை

வைணவ மரபில் திருமழிசையாழ்வாரின் அவதாரத் தலமாகப் போற்றப்படும் திருமழிசை, இன்று சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையின் ஓரத்தில் சிட்கோ தொழிற்பேட்டையைத் தாங்கி நிற்கும் பேரூராட்சி. அங்கிருந்து கிழக்கே பூந்தமல்லியைக் கடந்தால் வேலப்பன்சாவடி வரும். 1988இல் தொடங்கப்பட்ட சவீதா பல் மருத்துவக் கல்லூரி அவ்விடத்தில் உள்ளது. அந்நெடுஞ்சாலையை ஒட்டியும் அதன் அண்மையிலும் மேலும் சில பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. உமிழ்நீரிலும் ஈற்றிடுக்கு நீரிலும் உள்ள புரதங்களை அளத்தல், பற்படலத்திலிருந்து பாக்டீரிய டி.என்.ஏ.வைப் பிரித்தறிதல் போன்ற சொற்கள் இத்தகைய நிறுவனங்களின் முதுநிலை மாணவர்க்கு அன்றாட வழக்காகிவிட்டன.

இச்சொற்களுக்கு ஒரு வரலாறு உண்டு. பாடநூல்கள் அதனைப் பெரும்பாலும் ஆய்வகங்களின் வரலாறாகவே கூறுகின்றன. 1683இல் தம் பற்களிடையே இருந்து சுரண்டி எடுத்த வெண்பொருளை உருப்பெருக்கியில் கண்ட டச்சு நாட்டு லேவன்ஹூக்கில் தொடங்கி, 1890இல் வாயின் நுண்ணுயிரிகளைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட வில்லோபி மில்லர் வழியாக, பாஸ்டன், ஹெல்சிங்கி ஆய்வகங்களில் அது முடியும். அவ்வரிசையில் பூண்டுலோயா என்ற மலையக ஊருக்கு ஒரு வரி இடம் கிடைக்கும். அட்டவணையொன்றில் ‘இலங்கைத் தொழிலாளர்’ என்று வரும். அவர்கள் யாவர், அவர்களுடைய வாய்கள் ஏன் ஆய்வுக்கு உகந்தவையாகக் கருதப்பட்டன என்னும் வினாக்கள் தமிழ் ஆய்வுலகிலும் போதிய கவனம் பெறவில்லை.

பன்னிரண்டு பேரும் மூன்று வாரங்களும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, ஈறு வீங்கிக் குருதி கசிவதும் பற்கள் ஆடி விழுவதும் முதுமையின் இயல்பு என்றோ, ஊட்டக்குறையின் விளைவு என்றோ, உடலின் பொதுக்கேட்டின் வெளிப்பாடு என்றோ கருதப்பட்டன. இக்கருத்துகளை அசைத்தது 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் நடந்த எளிய சோதனை. நார்வே நாட்டவரான ஹரால்ட் லோவும் அவருடைய கூட்டாளிகளும் நலமான ஈறுகளை உடைய பன்னிரண்டு பேரைப் பல் துலக்குவதை நிறுத்தச் செய்தனர். பத்து முதல் இருபத்தொரு நாள்களுக்குள் அனைவருக்கும் ஈறு அழற்சி தோன்றியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அழற்சி நீங்கியது. பற்களின்மேல் படியும் பாக்டீரியப் படலமே அழற்சிக்குக் காரணம் என்பது அதன்மூலம் உறுதியாயிற்று.

ஆயினும் இச்சோதனை நோயின் முதற்படியை மட்டுமே விளக்கிற்று. ஈறு அழற்சி மீளக்கூடியது. அதனை அடுத்து வரும் பற்சூழ்திசு அழற்சியில், பல்லின் வேரைத் தாடை எலும்போடு பிணைக்கும் நார்களும் அவ்வெலும்பும் சிதைகின்றன. இழந்ததை உடல் தானே மீட்டுக்கொள்வதில்லை. இரண்டாவது நிலைக்குச் செல்ல எத்தனை ஆண்டுகள் ஆகும், அனைவரும் செல்வார்களா என்பதை மூன்று வாரச் சோதனையால் கூற இயலாது. அதற்கு இரு மக்கள் தொகுதிகள் தேவைப்பட்டன. ஒன்று, பல் மருத்துவம் முழுமையாகக் கிடைக்கும் தொகுதி. மற்றொன்று, அது சற்றும் கிடைக்காத தொகுதி. முதலாவதற்கு 1969இல் ஆஸ்லோ நகரின் மாணவரும் கல்வியாளருமாகிய 565 ஆண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். இரண்டாவதற்கு 1970இல் அன்றைய சிலோன் நாட்டின் நுவரெலியா மாவட்டத்தில், பூண்டுலோயாவை அடுத்த டன்சினன், ஹாரோ ஆகிய தேயிலைத் தோட்டங்களிலிருந்து 14 வயதிற்கு மேற்பட்ட 480 ஆண் தொழிலாளர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். (டன்சினன் என்பது மக்பெத் நாடகத்தில் வரும் ஸ்காட்லாந்துக் குன்றொன்றின் பெயர். துரைமார் தம் நாட்டு நினைவால் இட்ட பெயர்களைத் தோட்ட மக்கள் தம் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்ட வரலாறு தனி ஆய்வுக்குரியது.)

இலங்கை இத்துறையினர்க்குப் புதிய களமன்று. நார்வே நாட்டவரான யென்ஸ் வேர்ஹாக் அந்நாட்டில் ஈறுநோயின் பரவலை வயது, பால், வாய்த்தூய்மை, பொருளாதார நிலை, ஊட்டக்குறை, வெற்றிலை – புகையிலைப் பழக்கம், இனக்குழு ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்த நெடிய அறிக்கையை 1967இல் வெளியிட்டிருந்தார். வயதும் வாய்த்தூய்மையுமே நோயின் அளவைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது அவ்வாய்வின் போக்கு. லோ குழுவினர் அதனினும் ஒரு படி சென்று, அதே மனிதர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர முடிவு செய்தனர்.

‘இயற்கை’ என்னும் சொல்

ஆஸ்லோ, பூண்டுலோயா ஆகிய இரு தொகுதிகளைப் பற்றிய கட்டுரைகள் 1978 முதல் வெளிவந்தன. அவை அனைத்திற்கும் பொதுத் தலைப்பு, மனிதரில் பற்சூழ்திசு நோயின் ‘இயற்கை வரலாறு’ என்பது. மருத்துவத்தில் இத்தொடருக்கு வரையறுத்த பொருள் உண்டு: சிகிச்சை எதுவும் குறுக்கிடாதபோது ஒரு நோய் தோன்றி வளர்ந்து முடியும் போக்கு. அப்பொருளில் தலைப்பு பிழையற்றது. எனினும் வரலாற்று நோக்கில் இச்சொல்லை அப்படியே ஏற்பதற்கில்லை. பூண்டுலோயாவில் பல் மருத்துவம் இல்லாதிருந்தமை மழைபோல, பனிபோல இயற்கையாக அமைந்ததன்று. அது ஒரு நூற்றாண்டுத் தோட்ட நிருவாகத்தாலும் குடியுரிமைச் சட்டத்தாலும் உண்டாக்கப்பட்ட நிலை.

மலையகத் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பான்மையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்டவரின் வழியினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களைப் பெருந்திரளாக நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்களாகப் பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவிற்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு. அம்முடிவு 1974இல் எட்டப்பட்டு, அத்தொகையும் இரு சம பங்காகப் பிரிக்கப்பட்டது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்திற்குக் கப்பல்கள் சென்றுகொண்டிருந்த காலத்தில்தான் டன்சினன் லயன்களில் வாழ்ந்தோரின் வாய்கள் அளக்கப்பட்டன.

இலங்கைத் தொகுதி 1970, 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் பரிசோதிக்கப்பட்டது. இவ்வாண்டுகளை மலையக வரலாற்றின் ஆண்டுகளோடு அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் உணவுப் பங்கீடு குறைந்து தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் நாட்டுடைமையாயின. 1977இலும் 1983இலும் தமிழர்க்கு எதிரான வன்முறை நிகழ்ந்தது. 1977இன் வன்முறை தோட்டப் பகுதிகளை நேரடியாகத் தாக்கிற்று. 480 பேருடன் தொடங்கிய தொகுதியில் 1985இல் பரிசோதனைக்கு எஞ்சியவர் 161 பேர். நெடுங்கால ஆய்வுகளில் பங்கேற்போர் குறைவது எங்கும் உள்ளதே. ஆயினும் மூன்றில் இரு பங்கினர் இல்லாமற்போன இக்குறைவை, அவ்வாண்டுகளில் மலையகத்திலிருந்து இந்தியாவிற்கு நிகழ்ந்த பெருங்குடிபெயர்வினின்று பிரித்துக் காண்பது வரலாற்று அறிவாகாது. புள்ளியியலில் ‘விடுபட்டோர்’ எனப்படுவோர் மலையகத்தில் ‘இந்தியாவுக்குப் போனவர்’ என்று அழைக்கப்பட்ட காலம் அது.

ஆய்வின் புகழ்பெற்ற கட்டுரை 1986இல் வெளியாயிற்று. அதன் தலைப்பு 14 முதல் 46 வயது வரையுள்ள ‘இலங்கைத் தொழிலாளர்’ என்றே அவர்களைக் குறிக்கிறது. இலங்கை அரசு தன் குடிமக்கள் என்று ஏற்க மறுத்துவந்த ஒரு மக்கள் கூட்டத்தை அறிவியல் இதழ் எவ்விதத் தயக்கமும் இன்றி இலங்கையர் என்று எழுதிற்று. அவர்களின் குடியுரிமைச் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை முழுத் தீர்வு கிட்டவில்லை என்பதை நோக்க, அத்தலைப்பின் எளிமை வியப்பளிக்கிறது.

அக்கட்டுரைகளில் இன்னொரு தொடரும் கவனத்திற்குரியது. இத்தொழிலாளர் பல் நோய்த் தடுப்பையோ சிகிச்சையையோ ஒருபோதும் கண்டறியாதவர். பல் துலக்குதல் அவர்கள் அறியாதது என்னும் பொருள்பட அது அமைந்துள்ளது. தூரிகையால் துலக்குதல் என்ற பொருளில் இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் காலையில் பல் விளக்காமல் வாயில் நீர் வைப்பது தகாது என்னும் வழக்கமும், கரி, சாம்பல், உப்பு, வேப்பங்குச்சி, ஆலங்குச்சி, செங்கற்பொடி ஆகியவற்றின் பயன்பாடும் தமிழ் வாழ்வில் ஆழ வேரூன்றியவை. ஆலங்குச்சிக்கும் வேலங்குச்சிக்கும் பழமொழியிலேயே இடமுண்டு. இவ்வழக்கங்கள் பற்களின் வெளிமுகத்தைத் துடைப்பவை. பற்களின் இடுக்கிலும் ஈற்றின் விளிம்பிலும் படிவதை நீக்கும் ஆற்றல் அவற்றிற்குக் குறைவு. ஆய்வாளர் அளந்தபோது படலமும் பற்காரையும் அனைவரிடமும் மிகுதியாக இருந்தன என்பது உண்மையே. அளவீடு பிழையன்று, ‘அறியாதவர்’ என்ற சொல்லே குறையுடையது. பண்பாட்டு வழக்கம் ஒன்று இருந்தும் அது போதாதிருந்தது என்பதற்கும், வழக்கமே இல்லை என்பதற்கும் இடையிலான வேறுபாட்டை அக்கட்டுரைகள் காணவில்லை.

எட்டு, எண்பத்தொன்று, பதினொன்று

1978இல் வெளியான முதல் ஒப்பீட்டின்படி, நாற்பது வயதை நெருங்கும் ஆஸ்லோவாசி ஒருவர் சராசரியாக 1.5 மி.மீ.க்குச் சற்று மிகுதியான பற்பிணைப்பை இழந்திருந்தார். அதே வயதுடைய தோட்டத் தொழிலாளர் இழந்திருந்தது 4.5 மி.மீ. மும்மடங்கு வேறுபாடு. தூய்மையும் மருத்துவமும் பற்களைக் காக்கின்றன என்று கூறி நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் 1986ஆம் ஆண்டுக் கட்டுரை தோட்டத் தொகுதியின் உள்ளேயே நோக்கிற்று. அங்குதான் எதிர்பாராத விளைவு கிடைத்தது.

ஏறத்தாழ ஒரே உணவு, ஒரே வேலை, ஒரே லயன் வாழ்க்கை, அனைவர் வாயிலும் தடித்த படலம் என்றிருந்த அம்மனிதர் மூன்றாகப் பிரிந்தனர். ஏறத்தாழ 8 விழுக்காட்டினர்க்கு நோய் விரைந்து வளர்ந்தது. அவர்களுக்கு 20 வயதளவிலேயே பற்கள் விழத் தொடங்கின. 35 வயதில் 12 பற்களும், 40 வயதில் 20 பற்களும் போயின. 45 வயதில் அனைத்தும் இழந்தனர். 81 விழுக்காட்டினர்க்கு நோய் நடுத்தர வேகத்தில் வளர்ந்து, 45 வயதில் சராசரியாக 7 பற்களைக் கொண்டுபோயிற்று. எஞ்சிய 11 விழுக்காட்டினர்க்கு ஈறு அழற்சிக்கு அப்பால் எதுவும் நேரவில்லை. 35 வயதில் முதற்குழுவினர் இழந்த பற்பிணைப்பு 9 மி.மீ. அளவில் இருக்க, இறுதிக் குழுவினர் இழந்தது 1 மி.மீ.க்கும் குறைவு. அத்தொகுதியினரிடம் சொத்தைப்பல் அரிதினும் அரிது. ஆகவே விழுந்த பற்கள் அனைத்தும் ஈறுநோயால் விழுந்தவை என்று கொள்ள இடமிருந்தது.

இந்தப் பதினொரு விழுக்காட்டினரே வரலாற்றின் திருப்புமுனை. படலமே காரணம் எனில் அவர்கள் ஏன் தப்பினர்? அவர்களின் படலத்தில் வேறு பாக்டீரியங்கள் இருந்தனவா, அல்லது அவர்களின் உடல் வேறு வகையில் எதிர்வினை புரிந்ததா? பற்சூழ்திசு ஆய்வு கண்ணால் காணும் படலத்தை விட்டு மூலக்கூறுகளை நோக்கிச் சென்றதற்கு வேறு தூண்டுதல்களும் உண்டு எனினும், விடை வேண்டி நின்ற வினாவை இத்துணைத் தெளிவாக முன்வைத்த சான்று வேறொன்றில்லை எனலாம்.

இங்கு அறம் சார்ந்த வினா ஒன்றும் எழுகிறது. ஆஸ்லோவிலேயே லோவ்டால் குழுவினர் ஆலைத் தொழிலாளர்க்கு முறையாகப் பற்காரை நீக்கித் தூய்மை முறையையும் கற்பித்து, ஐந்தாண்டுகளில் ஈறுநலம் தெளிவாக மேம்பட்டதை 1961இல் வெளியிட்டிருந்தனர். அதாவது 1970இல் பூண்டுலோயாவிற்கு ஆய்வாளர் சென்றபோது பயன்தரும் சிகிச்சை எது என்பது அறியப்படாத ஒன்றன்று. மனிதரிடம் நடத்தும் ஆய்வுகளுக்கான ஹெல்சிங்கி அறிக்கை 1964லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் டஸ்கீகி மேகநோய் ஆய்வு 1972இல் அம்பலமானது. டஸ்கீகியோடு இவ்வாய்வை ஒன்றாக வைப்பது நேர்மையாகாது: அங்கு மருந்து வேண்டுமென்றே மறைக்கப்பட்டது, மக்கள் மாண்டனர், இங்கு ஏற்கெனவே இல்லாத மருத்துவத்தின் இன்மை பதிவு செய்யப்பட்டது. ஆயினும் அவ்வின்மை பதினைந்தாண்டுகளும் நீடித்தால்தான் ஆய்வுக்கு மதிப்பு என்ற அமைப்பில் ஒரு நெருடல் உள்ளது. அந்நெருடலைப் பெயரிட்டுப் பேசாமல் அட்டவணையை மட்டும் மேற்கோள் காட்டுவது கற்பித்தலில் வழக்கமாகிவிட்டது.

பாக்டீரியத்தைத் தேடிய வழி

முதல் வழி, பாக்டீரியங்களை இனம் பிரிப்பது. எல்லாப் படலமும் தீங்கானதன்று, குறிப்பிட்ட சில பாக்டீரியங்கள் மிகும்போதே நோய் வரும் என்னும் கருத்தை வால்டர் லோஷ் 1976இல் முன்வைத்தார். ஆனால் ஈற்றடியில் வாழும் பல பாக்டீரியங்கள் உயிர்வளி பட்டால் மாள்பவை. ஆய்வகத்தில் வளர்த்துக் காண்பது கடினம். டி.என்.ஏ. முறைகள் இத்தடையை நீக்கின, உயிருள்ள பாக்டீரியம் தேவையில்லை, அதன் மரபணுத் துணுக்கு போதும் என்றாயிற்று.

பாஸ்டனின் ஃபோர்சித் நிறுவனத்தில் சிக்மண்ட் சாக்ரன்ஸ்கி குழுவினர் 1994இல் அறிமுகப்படுத்திய சதுரங்கக் கட்ட முறையில், பல மாதிரிகளையும் 40 பாக்டீரிய வகைகளுக்கான டி.என்.ஏ. துணுக்குகளையும் ஒரே படலத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாக வைத்து ஒரே நேரத்தில் ஒப்பிடலாம். 185 பேரிடம் எடுத்த 13,261 படல மாதிரிகளைக் கொண்டு 1998இல் வெளியான கட்டுரை, பாக்டீரியங்கள் தனித்தன்றிக் கூட்டங்களாக வாழ்வதைக் காட்டிற்று. ஆழமான ஈற்றுப் பைகளோடும் குருதிக் கசிவோடும் நெருங்கிய தொடர்புடைய மூவர் கூட்டத்திற்குச் ‘செங்கூட்டம்’ என்று பெயர் வந்தது: போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ், டானரெல்லா ஃபோர்சித்தியா, ட்ரெபோனீமா டென்டிகோலா. பின்னர் பி.சி.ஆர். முறை பரவியதும் இம்மூன்றையும் ஒரு காகிதக்குச்சியில் உறிஞ்சிய நீரிலிருந்தே கண்டறிய முடிந்தது. எனினும் நலமான வாய்களிலும் இப்பாக்டீரியங்கள் சிற்றளவில் இருக்கக்கூடும் என்பதால், இருப்பை மட்டும் காட்டும் சோதனை நோயை முன்னறிவிப்பதில்லை. இவ்வழி பயனுடையதே, பதினொரு விழுக்காட்டினரின் புதிரை மட்டும் அது முழுதும் அவிழ்க்கவில்லை.

கயிறும் கத்தியும்: சென்னையின் பங்கு

இரண்டாம் வழி உடலின் பக்கம் திரும்பியது. பல்லை எலும்போடு கட்டும் நார்களின் முதன்மைப் பொருள் கொலாஜன் என்னும் புரதம். அதன் வடிவத்தைக் கண்டறிந்த வரலாறு சென்னைக்கு உரியது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைப் பொறுப்பேற்ற ஜி. என். இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து, கிண்டியில் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு கொலாஜனை ஆராய்ந்தார். அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வால் தசைநாண் அவர்களுக்குக் கிடைத்தது. மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முப்புரிச் சுருள் வடிவம் 1954, 1955ஆம் ஆண்டுகளில் ‘நேச்சர்’ இதழில் வெளியாயிற்று. மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒன்று கிளைசினாக இருப்பதால்தான் அவ்விழைகள் இத்துணை நெருக்கமாக முறுக்கிக்கொள்ள முடிகிறது. தோல் பதனிடுதலுக்காக அமைந்த நிறுவனமும் பல்கலைக்கழக இயற்பியலும் சேர்ந்து விடுவித்த இப்புதிரைப் பல் மருத்துவ வகுப்புகளில் ஈறோடு இணைத்துக் கூறுவது அரிது.

முப்புரிச் சுருளைச் சாதாரண செரிமான நொதிகள் எளிதில் வெட்டுவதில்லை. அவ்வாறெனில் ஈற்றில் அது எவ்வாறு சிதைகிறது? 1962இல் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாபியேரும் தவளையாக மாறும் தலைப்பிரட்டையின் வால் கரைவதை ஆராய்ந்து, கொலாஜனை வெட்டும் நொதியை முதன்முதலாகக் கண்டனர். சுருளை ஒரே இடத்தில், முக்கால் பங்கும் கால் பங்குமாக அது துண்டிக்கிறது. மனித ஈற்றிலும் அத்தகைய செயல் உண்டென 1966இல் ஃபுல்மரும் கிப்சனும் காட்டினர். அதாவது கத்தி பாக்டீரியத்தின் கையில் மட்டும் இல்லை. படையெடுப்பை எதிர்க்க வரும் வெள்ளணுக்களே அந்நொதியை மிகுதியாக வெளிவிட்டுத் தம் வீட்டுக் கயிற்றைத் தாமே அறுக்கின்றன. வெள்ளணுக்களின் அந்நொதிக்கு இன்று எம்.எம்.பி-8 என்று பெயர். செயல்நிலையில் உள்ள எம்.எம்.பி-8ஐ வாய் நீரில் சில நிமிடங்களில் காட்டும் பட்டைச் சோதனை, பின்லாந்தின் ஹெல்சிங்கியில் டிமோ சோர்சா குழுவினரின் பல்லாண்டு உழைப்பிலிருந்து வந்தது. கருவுற்றிருப்பதைக் காட்டும் பட்டையைப் போன்றே அதுவும் இயங்குகிறது.

இவ்வழி சிகிச்சைக்கும் இட்டுச் சென்றது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் லார்ன் கோலப், என். எஸ். இராமமூர்த்தி உள்ளிட்டோர், டெட்ராசைக்ளின் வகை மருந்தான மினோசைக்ளின் ஈற்றின் கொலாஜன் சிதைவைக் குறைப்பதை 1983இல் வெளியிட்டனர். அவ்விளைவு பாக்டீரியத்தைக் கொல்வதால் வருவதன்று. நொதியைத் தடுப்பதால் வருவது. இதன் தொடர்ச்சியாக, பாக்டீரியத்தைக் கொல்லப் போதாத 20 மி.கி. அளவு டாக்சிசைக்ளின் மருந்து 1998இல் அமெரிக்காவில் ஏற்பு பெற்றது. அதுவும் பற்காரை நீக்கத்தோடு சேர்த்து உண்ண வேண்டிய துணைமருந்தே.

மரபணு வழியும் அதன் எல்லையும்

மூன்றாம் வழி மனித மரபணு. இன்டர்லூக்கின்-1 என்னும் அழற்சித் தூதுவரை மிகுதியாகச் சுரக்கச் செய்யும் மரபணு வேறுபாடு கடும் ஈறுநோயோடு தொடர்புடையது என்று கென்னத் கோர்ன்மன் குழுவினர் 1997இல் அறிவித்தனர். அது விரைவில் விற்பனைக்குரிய சோதனையாயிற்று. வட ஐரோப்பியரிடம் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டினர்க்குள்ள அவ்வேறுபாடு, சீன மரபினர் 300 பேரிடம் 2.3 விழுக்காட்டினர்க்கே உண்டு என 2000இல் ஆர்மிடேஜ் குழுவினர் காட்டினர். சீனரிடம் கடும் ஈறுநோய் இல்லாமலில்லை. ஒரு மக்களிடம் அளவுகோலாக நின்றது மற்றொரு மக்களிடம் பொருளற்றதாயிற்று.

இந்நிகழ்வு இக்கட்டுரையின் பொருளோடு நேரடித் தொடர்புடையது. புதிர் தமிழ்த் தொழிலாளரின் வாயில் எழுந்தது. விடைக்கான மரபணுச் சோதனை ஐரோப்பிய மரபினரிடம் வடிவமைக்கப்பட்டது. அச்சோதனையைத் தமிழரிடம் அப்படியே பயன்படுத்துவதற்கு முன், அது தமிழரிடம் எதையேனும் முன்னறிவிக்கிறதா என்று வினவுதல் முதற்கடமை. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஆய்வகங்கள் செய்யத்தக்க, பிறர் செய்ய இயலாத பணி அது. வெளிநாட்டுச் சோதனைப் பெட்டியை உள்ளூர் நோயாளரிடம் மீண்டும் பயன்படுத்திப் பார்த்தல் அப்பணியாகாது.

அந்நோயாளர் யாவர் என்பதும் நோக்கத்தக்கது. திருமழிசைத் தொழிற்பேட்டையின் பட்டறைகளிலும் அதனைச் சூழ்ந்த கிடங்குகளிலும் உழைப்போர் உள்ளூரினர் மட்டுமல்லர். வட மாநிலங்களிலிருந்து வந்து கூட்டாக அறை எடுத்துத் தங்குவோரும் உளர். நாட்கூலி இழந்து பகலில் பல் மருத்துவமனை செல்லுதல் அவர்களுக்கு எளிதன்று. வாயில் அடக்கும் புகையிலை, ஈற்றின் குருதிக் கசிவை மறைத்து நோயின் முதல் அறிகுறியைத் தெரியவிடாமற் செய்யக்கூடும். பல்கலைக்கழக ஆய்வகம் சில கல் தொலைவில் இருந்தும் பற்காரை நீக்கம் எட்டாதிருக்கும் நிலை பூண்டுலோயாவின் நிலையன்று; எனினும் அதன் உறவுடையது.

அட்டவணையின் வெற்றுக் கட்டம்

2018இல் வெளியான உலகளாவிய புதிய வகைப்பாடு பற்சூழ்திசு அழற்சியை நான்கு நிலைகளாகவும் மூன்று தரங்களாகவும் பிரிக்கிறது. தரம் என்பது வேகத்தைக் குறிக்கும். ஐந்தாண்டுகளில் இழப்பில்லை எனில் முதல் தரம்; 2 மி.மீ.க்குக் குறைவெனில் இரண்டாம் தரம். அதற்கு மேலெனில் மூன்றாம் தரம். இழப்பற்றோர், நடுத்தர வேகத்தினர், விரைவினர் என்று 1986இல் தோட்டத் தொழிலாளரிடம் கண்ட முப்பிரிவை இப்பிரிவு நினைவூட்டுகிறது. எட்டும் எண்பத்தொன்றும் பதினொன்றும் மருத்துவரின் நாற்காலியருகே வந்துவிட்டன என்று கூறினும் மிகையாகாது. உயிர்க்குறியீடுகளை, அதாவது மூலக்கூற்றுச் சோதனைகளின் முடிவுகளை, தர நிர்ணயத்தில் சேர்க்க அவ்வகைப்பாடு இடம் ஒதுக்கியது. ஆனால் எந்த மூலக்கூறு, எந்த அளவு என்று அக்கட்டத்தை நிரப்பவில்லை. சான்று போதாது என்பதே காரணம்.

இதற்கு ஓராண்டு முன், 2017இல், பழைய தொகுதியைப் பற்றிய மற்றொரு கட்டுரை வெளிவந்திருந்தது. கிறிஸ்டோஃப் ராம்சயர், ஆகே ஆனெருட், நிக்லாஸ் லாங் உள்ளிட்டோர், 1970இல் பதிவானவரைத் தேடி 2010இல் மீண்டும் பரிசோதித்தனர். 480 பேரில் 75 பேர் கிடைத்தனர். நாற்பதாண்டுத் தரவும் சேர்ந்து தந்த முடிவில் புதிய மூலக்கூறு எதுவும் இல்லை. முப்பது வயதில் சராசரிப் பற்பிணைப்பு இழப்பு 1.81 மி.மீ.க்குக் குறைவாக இருப்பின், அறுபது வயதில் குறைந்தது 20 பற்களேனும் எஞ்சும் வாய்ப்பு மிகுதி. அதற்குப் பற்காரையை நீக்குதலும், படலத்தைக் கட்டுப்படுத்தலும், ஈறு அழற்சியை அடக்குதலும் இன்றியமையாதவை. அந்த 1.81 மி.மீ.ஐ அளக்கத் தேவைப்படும் கருவி, கோடுகள் பொறித்த மெல்லிய உலோகக் கம்பி ஒன்றே. முதற்பரிசோதனையில் 14 வயதாயிருந்த தொழிலாளிக்கு 2010இல் 54 வயது நிறைந்திருக்கும்.